ஜூரியின் முடிவை நீதிபதி மாற்றும்போது: தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவில் ஜூரி (வழக்கைக் கேட்டு முடிவு சொல்லும் பொதுமக்கள் குழு) சொன்ன முடிவை நீதிபதி தள்ளிவிட்டார் என்று செய்தி வந்தால், அந்த முடிவு அவருக்குப் பிடிக்கவில்லை என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். அது தவறு. நீதிபதி பார்க்க வேண்டியது ஒன்றுதான்: நியாயமாக யோசிக்கும் ஒரு ஜூரி இந்தச் சாட்சியங்களை வைத்து இப்படி முடிவெடுத்திருக்க முடியுமா? முடியும் என்றால், தனக்கு வேறு கருத்து இருந்தாலும் அவர் கை வைக்கக் கூடாது.

யார் சொல்வது உண்மை என்று எடைபோடுவது ஜூரியின் வேலை. 2000-இல் ரீவ்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை அழுத்திச் சொன்னது. வயதைப் பார்த்து வேலையை விட்டு நீக்கினார்கள் என்று வழக்குப் போட்ட ஊழியர், ஜூரியிடம் ஜெயித்து மேல்முறையீட்டில் தோற்றார். ஜூரி நம்பியிருக்கக்கூடிய சாட்சியங்களை மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒதுக்கியது தவறு என்று உச்ச நீதிமன்றம் அந்த முடிவை ரத்து செய்தது.

வழக்கறிஞர்களே சறுக்கும் இடம் ஒன்று உண்டு, நேரம். கூட்டாட்சி நீதிமன்ற உரிமையியல் வழக்குகளில் விதி 50 இரண்டு படிகளைக் கேட்கிறது. வழக்கு ஜூரியின் கைக்குப் போகும் முன்பே, எதிர்த்தரப்பிடம் போதிய சாட்சியம் இல்லை என்று மனு செய்ய வேண்டும். குறை எதுவென்று அப்போதே தெளிவாகச் சொல்லவும் வேண்டும். அதைச் சரிசெய்ய எதிர்த்தரப்புக்கு வாய்ப்புக் கிடைப்பதுதான் நியாயம். பெரும்பாலும் நீதிபதி, ‘ஜூரி சொல்லட்டும், பார்க்கலாம்’ என்று விட்டுவிடுவார். தோற்றால், தீர்ப்பு பதிவான 28 நாட்களுக்குள் அதே மனுவைப் புதுப்பிக்க வேண்டும். இந்தக் கெடுவை நீதிபதியாலும் நீட்டிக்க முடியாது. முதல் மனுவில் இல்லாத காரணத்தை இப்போது புதிதாகச் சேர்க்கவும் முடியாது.

முன்பே கேட்டாயிற்றே என்று இரண்டாவது படியை விட்டுவிடுவது பெரிய இழப்பில் முடியும். 2006-இல் யூனிதெர்ம் வழக்கில் அதுதான் நடந்தது. சாட்சியம் போதாது என்ற வாதத்தை மேல்முறையீட்டில் எழுப்பவே வழியில்லாமல் போனது.

மறுவிசாரணை கேட்கும் மனுவையும், ஜூரியின் முடிவை மாற்றக் கேட்கும் இந்த மனுவையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். மறுவிசாரணை என்றால் புது ஜூரி முன் வழக்கு திரும்பவும் நடக்கும். இரண்டையும் சேர்த்தே கேட்கலாம், கேட்பதே புத்திசாலித்தனம்.

அப்புறம், குற்ற வழக்கு. அங்கே இந்த அதிகாரம் ஒரு பக்கம்தான் வேலை செய்யும். சாட்சியம் போதாதென்று நீதிபதி விடுவிக்கலாம். சாட்சியம் எவ்வளவு வலுவாக இருந்தாலும், ஜூரியைத் தாண்டி ஒருவரைக் குற்றவாளி என்று அவரால் அறிவிக்க முடியாது.