படைப்புக் கதைகளை ஒப்பிடும்போது எங்கே தவறுகிறோம்?

உலகம் உண்டான கதைகளை ஒப்பிட்டுப் பார்க்க வடசென்னை வசதியான இடம். திருவொற்றியூர் ஆதிபுரீசுவரர் கோயில் தலபுராணத்தில் ஒரு கதை. ராயபுரம் புனித பீட்டர் ஆலயத்தில் வாசிக்கும் பைபிளில் இன்னொன்று. அதே ராயபுரத்தில், பாரசீகத்திலிருந்து வந்த ஜொராஸ்டிர மதத்தினரான பார்சிகளின் அக்கினிக் கோயிலும் இருக்கிறது. அவர்கள் மரபில் மூன்றாவது.

"எல்லாத்திலும் முதல்ல தண்ணிதான், அப்போ எல்லாம் ஒரே கதை" என்று முடிவுகட்டுவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. பாபிலோனியரின் படைப்புக் காவியமான எனுமா எலிஷில் நன்னீரான அப்சுவும் உப்புநீரான தியாமத்தும் கலக்க, தெய்வங்கள் பிறக்கின்றன. பிறகு மர்துக் என்ற தெய்வம் தியாமத்தைக் கொன்று இரண்டாகப் பிளந்து, ஒரு பாதியை வானமாக்குகிறது. பைபிளின் முதல் நூலான ஆதியாகமத்திலும் ஆழ்நீர் உண்டு, சண்டை கிடையாது. கடவுள் சொல்கிறார், ஆகிவிடுகிறது. திருவொற்றியூரிலோ அது பிரளய வெள்ளம். பழைய உலகம் அழிந்தபின், பிரம்மா மறுபடி படைப்பதற்காகச் சிவன் அதை விலகச் செய்கிறார். அதாவது, இது தொடக்கமே இல்லை, இன்னொரு சுற்று. தண்ணீர் இருக்கிறதா என்பதைவிட, கதையில் அது என்ன வேலை பார்க்கிறது என்று கேளுங்கள்.

அடுத்தது, யார் யாரைப் பார்த்து காப்பி அடித்தார்கள் என்று உடனே தீர்ப்பு சொல்வது. பார்சி மரபின் புந்தஹிஷ்ன் என்ற நூலில் வானம், நீர், நிலம், செடி, விலங்கு, மனிதன் என்று ஆறு படைப்புகள் வரிசையாக வரும். ஆதியாகமத்தில் ஆறு நாள். எண் பொருந்துவது மட்டும் சான்றாகாது. புந்தஹிஷ்ன் தொகுக்கப்பட்டது பாரசீகத்துக்கு இஸ்லாம் வந்த பிறகு, ஆனால் உள்ளே இருக்கும் சரக்கு அதைவிடப் பழையது. எழுதிய காலமும் கதையின் வயதும் வேறு வேறு.

ஒரு மதத்துக்கு ஒரே கதை என்று நினைப்பதும் உண்டு. ஆதியாகமம் முதல் அதிகாரத்தில் விலங்குகளுக்குப் பிறகு ஆணும் பெண்ணும். இரண்டாவதில் முதலில் ஆண், பிறகு விலங்குகள், கடைசியில் பெண். பைபிள் வீட்டில் இருந்தும் இதைக் கவனிக்காதவர்கள் நிறையப் பேர். ரிக் வேதத்தின் 10ஆம் மண்டலத்திலேயே ஒரு பாடல், பலியிட்ட புருஷன் என்ற ஆதிமனிதனின் உடலிலிருந்து உலகம் வந்தது என்கிறது. அதே மண்டலத்தின் 129ஆம் பாடல், படைப்பு எங்கிருந்து வந்தது என்பது மேலிருந்து பார்ப்பவனுக்கே தெரியுமோ தெரியாதோ என்று விட்டுவிடுகிறது.

அந்த 129ஐத்தான் மேடையில் பெருவெடிப்போடு (Big Bang) முடிச்சுப் போடுகிறார்கள். கைதட்டல் கிடைக்கும், சரி. பெருவெடிப்புக் கொள்கைக்கு 1964இல் கண்டறிந்த, விண்வெளி எங்கும் பரவியிருக்கும் நுண்ணலைப் பின்னணிக் கதிர்வீச்சு போன்ற அளவீடுகள் ஆதாரம். பாடலோ தெரியாது என்பதையே வெளிப்படையாகச் சொல்கிறது. அதன் வாயில் பதிலைத் திணிப்பானேன்?