வேட வாலுக்கு நூல் வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

நரியோ, ஓநாயோ, பூனையோ, வேடத்துக்கு அணியும் நூல் வாலின் செய்முறை ஒன்றுதான். நூலைத் துண்டுகளாக வெட்டி, தடித்த கயிற்றில் நெருக்கமாக முடிச்சிட்டு, புரிகளை (முறுக்கி நூலாக்கிய தனித்தனி இழைகளை) பிரித்து, கம்பிப் பிரஷால் ரோமமாகச் சீவ வேண்டும். ஆகவே நூல்கண்டில் பார்க்கும் நூல் வேறு, வாலில் தொங்கப்போகும் ரோமம் வேறு. பெரும்பாலான தவறுகள் இதை மறப்பதால் வருபவை.

முதலாவது, தொட்டதும் மெத்தென்று இருக்கிறதே என்று வாங்குவது. வெல்வெட் போன்ற ஷெனில் நூலின் மென்மை, நடு இழையில் செருகிய குட்டைத் தும்புகளால் வருவது. சீவினால் தும்பெல்லாம் உதிர்ந்து, மொட்டை இழைதான் மிஞ்சும். சுருள் சுருளான பூக்லே நூலில் பிரஷின் கம்பி மாட்டிக்கொள்ளும். தளர்வாக முறுக்கிய ஒற்றைப் புரி நூல் சீவச் சுலபம் என்று ஆசை காட்டும். பிடித்துவைக்க முறுக்கு இல்லாததால் ரோமம் கொத்துக் கொத்தாகக் கையோடு வரும்.

பருத்தி நூலும் வேண்டாம். அதன் இழைகள் குட்டையானவை, துள்ளல் இல்லாதவை. சீவச் சீவப் பஞ்சுத் தூசியாகும், வாலும் கனக்கும். ஆட்டுக் கம்பளி அழகாகச் சீவ வரும். ஆனால் ஈரமும் உரசலும் சேர்ந்தால் சிக்குப்பிடித்துத் திரண்டுவிடும். இருக்கையில் உரசும் வாலுக்கு அது தோதல்ல.

வாங்க வேண்டியது 100 சதவீத அக்ரிலிக், 3 அல்லது 4 புரி, நடுத்தரத் தடிப்பு. இந்தத் தடிப்பைக் குறிக்க லேபிளில் 4 என்ற எண் இருக்கும். லேபிள் இல்லாத நூலா? சிறு துண்டை இடுக்கியில் பிடித்து, தண்ணீர்ப் பாத்திரத்துக்கு மேலே கொளுத்திப் பாருங்கள். பருத்தி காகிதம் எரியும் வாசனையோடு மென்சாம்பலாகும். கம்பளி முடி கருகும் நாற்றம் அடித்துத் தானே அணையும். அக்ரிலிக் உருகி எரிந்து, கடினமான கருப்பு உருண்டையாக நிற்கும். வாலும் அப்படித்தான் எரியும் என்பதால் விளக்கு, மெழுகுவர்த்தி பக்கம் அதைக் கொண்டுபோகவே கூடாது.

முழு அளவையும் வாங்குமுன் ஒரே ஒரு கண்டு வாங்கிச் சோதிப்பது நல்லது. 15 செ.மீ. துண்டை நடுவில் இறுகக் கட்டி, புரிகளைக் கையால் பிரித்து, நாய்களுக்குச் சீவும் கம்பிப் பிரஷால் நுனியிலிருந்து மேல்நோக்கிச் சிறிது சிறிதாகச் சீவுங்கள். சீவிய ரோமம் நெளிநெளியாகத்தான் நிற்கும், அது குறையல்ல. ஹேர் ஸ்ட்ரெய்ட்னரை மிகக் குறைந்த சூட்டில் வைத்து, ஒரே இடத்தில் நிறுத்தாமல் இழுத்தால் நேராகிவிடும். சூடு மிஞ்சினால் அக்ரிலிக் பிளாஸ்டிக் போலப் பளபளத்து விறைக்கும். பிறகு சரிசெய்ய வழியில்லை.

அளவில் தவறுபவர்களே அதிகம். துண்டை இரண்டாக மடித்து முடிச்சிடுவதால், 15 செ.மீ. ரோமத்துக்கு 32 செ.மீ. வெட்ட வேண்டும். ஒரு செ.மீ. கயிற்றுக்கு 4 முடிச்சு, முடிச்சுக்கு 3 துண்டு என்றால், 60 செ.மீ. வாலுக்கு 720 துண்டுகள், அதாவது சுமார் 230 மீட்டர் நூல். இந்தத் தடிப்பில் 100 கிராம் கண்டு பெரும்பாலும் 170 முதல் 200 மீட்டர்தான் வரும். சீவலிலும் கத்தரிப்பிலும் கழிவதைச் சேர்த்து 200 கிராமாக வாங்குங்கள். புசுபுசுவென்ற நரிவாலுக்கு இன்னும் கூடும். எல்லாக் கண்டிலும் லேபிளின் சாயத் தொகுதி எண் (ஒரே தடவையில் சாயமேற்றிய நூலைக் குறிக்கும் எண்) ஒன்றாக இருக்க வேண்டும். ஒரே நிறப் பெயரானாலும் தொகுதி மாறினால் வாலில் பட்டை தெரியும்.

பல நிறம் கலந்த நூலில் மயங்காதீர்கள். கண்டில் வானவில்லாக இருப்பது, வெட்டிச் சீவியதும் ஒன்றோடொன்று கலந்து சேற்று நிறமாகும். நிஜ ரோமத்தின் சாயல் வேண்டுமென்றால், ஒன்றுக்கொன்று நெருங்கிய இரண்டு ஒற்றை நிற நூல்களை வாங்கி, ஒரே முடிச்சில் சேர்த்துக் கட்டிச் சீவுங்கள். நரிவாலின் வெள்ளை நுனிக்கு முன்னால் 5 செ.மீ. தூரம் இரண்டு நிறத்தையும் இப்படிக் கலந்தால், கோடு போட்டதுபோல் வெட்டித் தெரியாது.