இரண்டாவது பட்டை ஏறியதும்: புது செக்‌ஷன் கமாண்டருக்கு

ராணுவ ஆள்சேர்ப்புக்குப் போகும் பையன்களுக்கு எங்கள் ஊர்ப் பள்ளி மைதானத்தில் காலையில் ஓட்டப் பயிற்சி கொடுக்கிறேன். அப்படி என்னிடம் ஓடிப் பழகிப் போனவன் ஒருவன் போன மாதம் லீவில் வந்தான். "அண்ணே, நாயக் ஆயிட்டேன். செக்‌ஷனைக் கையில குடுத்துட்டாங்க. அதுல மூணு பேரு நேத்து வரைக்கும் எங்கூட சீட்டு ஆடினவனுங்க. என்ன பண்றதுன்னே தெரியல" என்றான். அவனிடம் சொன்னதைத்தான் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். நான் காலாட்படையில் இருபத்து நான்கு வருடம் இருந்து ஹவில்தாராக வீட்டுக்கு வந்தவன். ஜெனரல்களுக்கான பாடம் என்னிடம் இல்லை. பத்துப் பேரை வைத்துக்கொண்டு நான் செய்ததும், செய்யத் தவறியதும்தான் இருக்கிறது.

ராணுவம் பழகாதவர்களுக்கு ஒரு கணக்கு. செக்‌ஷன் என்றால் பத்துப் பேர். மூன்று செக்‌ஷன் ஒரு பிளாட்டூன், மூன்று பிளாட்டூன் ஒரு ரைஃபிள் கம்பெனி. முறைப்படி செக்‌ஷன் கமாண்டர் மூன்று பட்டை ஹவில்தார்தான். ஆள் லீவு, கோர்ஸ் என்று போய்விட்டால் இரண்டு பட்டை நாயக் தலையில் விழும். சி.ஓ. சாப், அதாவது பட்டாலியன் தளபதி, உத்தரவு போட்டுவிட்டுத் தன் இடத்துக்குப் போய்விடலாம். நீ உத்தரவு போட்டவனுக்குப் பக்கத்துக் கட்டிலிலேயே படுக்க வேண்டும்.

தம்பி, ஒன்றை மட்டும் முதலிலேயே தெரிந்துகொள். கையில் இரண்டாவது பட்டை ஏறிய நாளிலிருந்து உன்னிடம் உண்மை வந்து சேர்வது குறையும். யாரும் கெட்டவர்கள் இல்லை. நீயும் உன் ஹவில்தாரிடம் அப்படித்தானே இருந்தாய்?

நோட்டு

முதல் நாள் எல்லாரையும் நிற்கவைத்துப் பேச வேண்டாம். "இனிமேல் நான்தான் கமாண்டர்" என்று சொல்ல என்ன இருக்கிறது? பட்டை கண்ணுக்குத் தெரிகிறது. அதற்குப் பதில் சட்டைப் பையில் அடங்கும் நோட்டு ஒன்று வாங்கு. முன்பக்கத்திலிருந்து ஆளுக்கு ஒரு பக்கம்: ஆர்மி நம்பர், ரத்த வகை, துப்பாக்கியின் பட் நம்பர், பூட்ஸ் அளவு, வீட்டுத் தொலைபேசி, கடைசியாக லீவு போய்வந்த தேதி. அதே நோட்டைத் திருப்பிப் பின்பக்கத்திலிருந்து இன்னொரு பக்கம்: அப்பாவுக்குச் சர்க்கரை, தங்கைக்கு மாப்பிள்ளை பார்க்கிறார்கள், அண்ணனோடு நிலத்தகராறு, வட்டிக்கு வாங்கின கடன்.

பின்பக்க விஷயத்தை அவன் முன்னால் உட்கார்ந்து எழுதாதே. போலீஸ் ஸ்டேஷன் மாதிரி ஆகிவிடும். துப்பாக்கி துடைக்கும்போது நீயும் உன்னுடையதைப் பிரித்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார். கைக்கு வேலை இருந்தால் வாய் தானாகத் திறக்கும். ராத்திரி எழுதிக்கொள்.

சென்ட்ரி லிஸ்ட்டில் நான் பட்ட பாடு

எல்லாவற்றையும்விட இதைக் கவனமாகப் படி. போஸ்ட்டில் சென்ட்ரி, அதாவது இரவுக் காவல், இரண்டிரண்டு மணி நேரம். முதல் முறையும் கடைசி முறையும் சுகம். தூக்கம் ஒரே துண்டாகக் கிடைக்கும். நடுவில் ஒன்றிலிருந்து மூன்று வரை நிற்கிறவனுக்குத் தூக்கம் இரண்டாக வெட்டுப்படும். அதனால் அந்த லிஸ்ட் போடுவதுதான் செக்‌ஷன் கமாண்டரின் உண்மையான அதிகாரம்.

நான் நாயக் ஆனபோது என் செக்‌ஷனில் என் பேட்ச்மேட் ஒருவன் இருந்தான். ஒரே நாளில் பயிற்சிக்குச் சேர்ந்தவர்கள், ஒரே டிரங்குப் பெட்டியில் பருப்புப்பொடி வைத்துத் தின்றவர்கள். எனக்குப் பட்டை முதலில் வந்தது அவனுக்கு வலி என்று எனக்குத் தெரியும். அதற்கு மருந்து போடுவதாக நினைத்து அவனுக்கு எப்போதும் முதல் முறையே எழுதினேன். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாததால் சரியாக இருக்கிறது என்று நானும் நினைத்தேன்.

மூன்றாவது வாரம். இரவு இரண்டரை மணிக்குச் சுற்றிப் பார்க்கப் போனேன். சென்ட்ரி நின்றபடியே சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தான். நெல்லூர்ப் பக்கத்துத் தெலுங்குப் பையன், செக்‌ஷனிலேயே இளையவன். உலுக்கி எழுப்பி, கழுத்தைப் பிடித்துக் கேட்டேன். அவன் நடுங்கிக்கொண்டே சொன்னான்: "இன்னிக்கு பதினோராவது ராத்திரி உஸ்தாத், இதே டைம்." காவலில் தூங்குவது ராணுவச் சட்டப்படி பெரிய குற்றம். அவனை மார்ச்-அப் செய்து, விசாரணைக்கு அதிகாரி முன் நிறுத்தியிருக்கலாம். ஆனால் அந்தக் குற்றத்தில் பாதியை என் கையெழுத்தில் கதவிலேயே ஒட்டி வைத்திருந்தேன்.

அன்றைக்கு மாற்றிய முறையைக் கடைசி வரை மாற்றவில்லை. பெயர்களை வரிசையாக எழுது. ஒவ்வொரு இரவும் எல்லாரையும் ஒரு இடம் கீழே தள்ளு. கடைசி ஆள் மேலே போவான். லிஸ்ட்டை எல்லாரும் பார்க்கிற இடத்தில் ஒட்டு. கமாண்டருக்குச் சுற்றிப் பார்க்கும் வேலை தனியாக இருப்பதால் எல்லா இரவும் நீ முறை எடுக்க முடியாது. ஆனால் முதல் மூன்று இரவு ஒன்று-மூன்று முறையில் உன் பெயரை எழுது.

லிஸ்ட்டை ஒட்டுவதற்கு முன்னால் நண்பனைத் தனியாகக் கூப்பிட்டு ஒரு தடவை சொல்லிவிடு: "டேய், இனி உனக்கும் சுற்றுதான்." விளக்கம் வேண்டாம். சீட்டாட்டத்திலிருந்தும் எழுந்துவிடு, சீட்டில் கடன் வரும், கடன்பட்டவனுக்கு உத்தரவு போட முடியாது. கேரம் ஆடலாம், வாலிபால் ஆடலாம். என் பேட்ச்மேட் இரண்டு மாதம் என்னோடு பேசவில்லை. பிறகு ஒரு நாள், எல்லாரும் ஆயுதத்தோடு உஷாராக நிற்கும் ஸ்டாண்ட்-டு முடிந்து, அவனே டீ கொண்டுவந்து வைத்தான். நடுவில் நான் போய்ச் சமாதானம் செய்திருந்தால் கெட்டிருக்கும்.

"கோயி ஷக்?"

ரோந்துக்குப் போகுமுன் மணலில் மாடல் போட்டு ஆர்டர் கொடுப்பாய். நிலைமை, நோக்கம், செய்யும் முறை, நிர்வாகம், தொடர்பு என்று வரிசை உனக்குக் கோர்ஸில் சொல்லிக் கொடுத்ததுதான். முடித்ததும் வழக்கப்படி "கோயி ஷக்?", ஏதாவது சந்தேகமா, என்று இந்தியில் கேட்பாய். ஒரே குரலில் "நஹீன்!", இல்லை, என்று வரும். அந்தச் சத்தத்தை நம்பாதே. ஷக் இருப்பவன்தான் அதிகச் சத்தமாகக் கத்துவான்.

குச்சியை இளையவன் கையில் கொடு. "எல்.எம்.ஜி. (இலகு இயந்திரத் துப்பாக்கி) எங்கே உட்காரும், காட்டு. திரும்பி வரும்போது பாஸ்வேர்ட் என்ன? நான் அடிபட்டு விழுந்துவிட்டேன், இப்போது நீ யார் பேச்சைக் கேட்பாய்?" மூன்றாவது கேள்விக்குப் பெரும்பாலும் அமைதிதான் பதிலாக வரும். வந்தால் மறுபடி முதலிலிருந்து சொல்லு. நேரம் போகட்டும், பரவாயில்லை.

மெட்ராஸ் ரெஜிமென்ட் போன்ற படைகளில் தமிழ், தெலுங்கு, மலையாளம், கன்னடம் நான்கும் ஒரே கூரையின் கீழ் இருக்கும். தமிழ் ஆட்களிடம் மட்டும் தமிழில் ஒரு வார்த்தை கூடுதலாகச் சொல்லும் பழக்கம் நமக்கு உண்டு. மற்றவன் அதை வேறு மாதிரி எடுத்துக்கொள்வான். கிண்டல் எந்த மொழியிலும் இருக்கட்டும்; ஆர்டர் எல்லாருக்கும் புரிகிற மொழியில்தான்.

உயரத்தில்

மலைமேல் ஏறுவதற்கு உடம்பைப் பழக்கும் கணக்கு உனக்குத் தெரியும். 9,000 முதல் 12,000 அடி வரை 6 நாள், அதற்கு மேல் 15,000 வரை 4 நாள், அதையும் தாண்டினால் இன்னும் 4 நாள். இந்தப் பதினான்கில் ஒரு நாளைக்கூட யாருக்காகவும் விட்டுக்கொடுக்காதே. "ஒருத்தனை மட்டும் சாமான் தூக்க அனுப்பு" என்று கேட்பார்கள். தென்னாட்டுப் பையன்களுக்கு வேறொரு நோய் இருக்கிறது: "மதராசிக்குக் குளிர் தாங்காது" என்று யாராவது சொல்லிவிடுவார்களோ என்று தலைவலியை மறைப்பது.

கன்னியாகுமரிக் கடற்கரைப் பையன் ஒருவன் என்னிடம் இருந்தான். அவனுக்கு இருமல் வந்தது. காலையும் மாலையும் "நல்லா இருக்கியா?" என்று கேட்டேன். "சளிதான் உஸ்தாத்" என்றான். அவனுடைய பட்டி, அதாவது ஜோடி, மூன்றாம் நாள் டீ வாங்கும்போது போகிற போக்கில் சொன்னான்: "ராத்திரி முழுக்க உட்கார்ந்தே தூங்குறான்." படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று அர்த்தம். நுரையீரலில் நீர் கோக்கும் நோய், நாம் ஹேப்போ என்போம். ஆக்சிஜன் கொடுத்து அன்றிரவே கீழே இறக்கினோம். பிழைத்தான். நான் கேட்ட கேள்விக்கு "நல்லா இல்லை" என்று பதில் சொல்ல அவனால் முடியாது என்பது அப்போதுதான் உறைத்தது. அதன் பிறகு ஆளிடம் கேட்பதை விட்டுவிட்டு, ஜோடியிடம் கேட்க ஆரம்பித்தேன். "அவன் எப்படித் தூங்கினான்? எவ்வளவு சாப்பிட்டான்?" என்று.

பாதத்தை மட்டும் கேட்காதே, பார். மாலையில் டார்ச் வைத்துக்கொண்டு சாக்ஸைக் கழற்றச் சொல். விரல் நுனி வெளுத்திருக்கிறதா, தொட்டால் தெரிகிறதா? முதலில் உன் காலைக் காட்டு. கூச்சம் போய்விடும்.

லீவு

செக்‌ஷன் உடைவது பெரும்பாலும் இங்கேதான். குண்டு சத்தத்தில் பத்துப் பேரும் ஒன்றாகிவிடுவார்கள்; பொங்கல் லீவில் பிரிந்துவிடுவார்கள். வழக்கமான சிப்பாய்க்கு வருடத்துக்கு 60 நாள் ஆண்டு லீவு, 30 நாள் காஷுவல். 2022-ல் வந்த திட்டத்தில் நான்கு வருடத்துக்குச் சேரும் அக்னிவீருக்கு 30 நாள்தான். அவர்களில் அதிகபட்சம் நான்கில் ஒருவன்தான் தொடர முடியும். நான் பென்ஷன் வந்தபின் வந்த திட்டம் அது. அவர்களை வைத்து நான் வேலை வாங்கியதில்லை. ஆனால் என் மைதானத்தில் ஓடிப் போனவர்கள் பேசுகிறார்கள். பக்கத்துக் கட்டில்காரன் போட்டியாளன் என்பதால் காயத்தைக்கூட வெளியே சொல்வதில்லை. உன் நோட்டில் அவர்கள் பக்கத்தை அடிக்கடி புரட்டு.

லீவு கொடுப்பது நீ இல்லை. நீ எழுதிக் கொடுப்பாய். பிளாட்டூன் வழியாக சி.எச்.எம். (கம்பெனி ஹவில்தார் மேஜர்) லிஸ்ட்டில் ஏறும், கம்பெனி கமாண்டர் கையெழுத்துப் போடுவார். ஆகவே "வாங்கித் தருகிறேன்" என்று வாய் தவறிக்கூடச் சொல்லாதே. வருடத் தொடக்கத்தில் ஒரு தாளை விரித்து, ஆளுக்கு மூன்று தேதியை விருப்ப வரிசைப்படி எழுதச் சொல். தமிழனுக்குப் பொங்கல், தெலுங்கனுக்கு அதே நாளில் சங்கராந்தி, மலையாளிக்கு ஓணம், கன்னடத்தானுக்குத் தசரா, இன்னொருவனுக்குக் கிறிஸ்துமஸ். போன வருடம் பண்டிகைக்குப் போனவன் இந்த வருடம் கீழே. உன் தேதி எல்லாருக்கும் கடைசி. இதை எல்லார் முன்னாலும் செய். யாருக்கு என்ன கிடைத்தது என்று கிசுகிசுக்க இடம் இருக்காது.

மறுத்துவிட்டார்கள் என்றால் அதை நீயே, அன்றைக்கே போய்ச் சொல். கிளார்க் வாயிலிருந்து அவன் கேட்கக்கூடாது. அன்றிரவு அவனைத் தனியாகத் துப்பாக்கியோடு நிறுத்தாதே; சென்ட்ரி லிஸ்ட்டை மாற்றலாம், இதற்கு மாற்றலாம். சாப்பிடாமல் படுக்கிறானா, யாருக்கோ தன் கைக்கடிகாரத்தைத் தூக்கிக் கொடுக்கிறானா, "என்ன இருந்து என்ன" என்று பேசுகிறானா? அப்படியானால் அவன் கூடவே ஒருவன் இருக்க வேண்டும், ஆயுதம் தள்ளிப் போக வேண்டும், அதே மணி நேரத்தில் சுபேதார் சாபுக்கும் ரெஜிமென்ட் டாக்டருக்கும் தகவல் போக வேண்டும். "செக்‌ஷனைச் சமாளிக்கத் தெரியாதவன்" என்று உன்னைச் சொன்னால் சொல்லிவிட்டுப் போகட்டும்.

கை நீட்டாதே

செக்‌ஷன் கமாண்டருக்குத் தண்டனை கொடுக்கும் அதிகாரம் கிடையாது. கீழே இருப்பவனை அடித்தால் 1950-ஆம் வருட ராணுவச் சட்டத்தின் 47-ஆவது பிரிவில் ஏழு வருடம் வரை போகலாம். ரக்டா, அதாவது உடம்பை வாட்டும் தண்டனை, வாங்கித்தான் நாங்கள் வளர்ந்தோம் என்று பழையவர்கள் சொல்வார்கள். நானும் ஒருமுறை ஒரு பையனைக் கன்னத்தில் அறைந்தேன், அழுக்குத் துப்பாக்கிக்காக. அதன் பிறகு அவன் துப்பாக்கி எப்போதும் பளபளவென்று இருந்தது. அவன் அம்மா இறந்ததை மட்டும் எனக்கு லங்கர்க்காரன் (சமையல்காரன்) சொல்லித்தான் தெரிந்தது.

அழுக்குத் துப்பாக்கிக்கு: ஒரு மணி நேரத்தில் துடைத்துக் கொண்டுவந்து காட்டு. இரண்டாம் தடவை என்றால் பிளாட்டூன் கமாண்டருக்கு எழுத்தில். அவ்வளவுதான்.

மேலே இருப்பவரிடம்

டேராடூன் அகாடமியிலிருந்தோ, நம் சென்னைப் பரங்கிமலை அகாடமியிலிருந்தோ புது லெப்டினென்ட் சாப் வருவார். உன்னைவிட நான்கைந்து வயது சின்னவராக இருப்பார். "ஆல் ஓகே?" என்று கேட்பார். உன் நாக்கில் "ஓகே சாப்" தயாராக நிற்கும். இப்போது பொய் சொல்லப் போவது நீ. "பத்தில் எட்டுப் பேர்தான் ஏற முடியும் சாப். ஒருவனுக்குக் கால் கொப்புளம், ஒருவனுக்கு இரண்டு நாளாகத் தூக்கம் இல்லை" என்று எண்ணிக்கையோடு சொல். முகம் சுளிப்பார். எட்டுப் பேருக்கான திட்டம் போடுவார்.

ஒரு நாள் போஸ்டிங் வந்து செக்‌ஷனை வேறொருவனிடம் ஒப்படைப்பாய். நோட்டின் முன்பாதியை அவனிடம் கொடு. பின்பாதியைக் கிழித்து லங்கர் அடுப்பில் போடு. அந்தக் கடனும் தகராறும் உன்னை நம்பிச் சொன்னவை. புதியவன் துப்பாக்கி துடைக்கும்போது உட்கார்ந்து கேட்டுக்கொள்ளட்டும்.