கார் ஆயில் சேம்பர் பேக்கிங் மாற்றுவது எப்படி? முதல்முறை செய்பவர்களுக்கு

காலையில் காரை நகர்த்தினால் கோலத்துக்குப் பக்கத்தில் கருப்பாக நாலு சொட்டு. ஆயில் சேம்பர் என்பது இன்ஜினின் அடியில் எண்ணெய் தேங்கும் தொட்டி; அதற்கும் இன்ஜினுக்கும் நடுவில் கசியாமல் அடைப்பதுதான் பேக்கிங். வீட்டில் திட்டு விழும் முன்னரே பேக்கிங் வாங்கக் கடைக்கு ஓடாதீர்கள். எண்ணெய் சொட்டுகிற இடமும் கசிகிற இடமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. இன்ஜின் தலையை மூடும் டேப்பெட் கவரில் கசிந்தாலும் வழிந்து வந்து சேம்பர் விளிம்பில்தான் தொங்கும்.

அதனால் முதலில் கழுவுங்கள். பிரஷ்ஷை டீசலில் நனைத்து, ஆறிய இன்ஜினின் அடிப்பக்கத்தைத் தேய்த்துத் துடையுங்கள். அறுவடைக் காலத்தில் சாலையில் பரப்பிய வைக்கோல் மீதும் உளுந்துச் செடி மீதும் ஓட்டிய வண்டி என்றால், எண்ணெயில் ஊறிய வைக்கோல் அடியில் கொத்தாக ஒட்டியிருக்கும். சைலன்சர் சூட்டில் அது பற்றிக்கொள்ளும், ஒன்று விடாமல் பிடுங்கிவிடுங்கள். நன்றாகக் காய்ந்ததும் முகப் பவுடரை விளிம்பு நெடுகத் தூவி, பக்கத்து ஊர் வரை ஓட்டிவிட்டு வந்து பாருங்கள். பவுடர் எங்கே ஈரமாகியிருக்கிறதோ அங்கேதான் கசிவு. எண்ணெய் வடிக்கிற டிரெயின் போல்ட்டில் மட்டும் ஈரம் என்றால் வாஷர் மாற்றினால் போதும். கியர்பாக்ஸ் சேரும் இடத்தில் ஈரம் என்றால் இன்ஜினின் சுழலும் தண்டைச் சுற்றியுள்ள கிராங்க் ஆயில் சீலாக இருக்கலாம். அது கியர்பாக்ஸை இறக்கிச் செய்கிற வேலை, மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள். இன்னொன்று: சில கார்களில் இன்ஜினைத் தூக்கினால்தான் சேம்பர் வெளியே வரும். கீழே இறங்க இடம் இருக்கிறதா என்று இப்போதே பார்த்துக்கொள்ளுங்கள்.

வண்டியைத் தூக்குவது

காவிரி டெல்டாவில் இதுதான் பெரிய வேலை. நம் களிமண் மேலே காய்ந்து வெடித்திருந்தாலும் ஒரு சாண் கீழே ஈரமாகத்தான் இருக்கும். முதல்முறை கொல்லையில் ஜாக்கி போட்டபோது, நான் டீ குடித்துவிட்டு வருவதற்குள் அது நாலு விரல் புதைந்து சாய்ந்து நின்றது. நல்லவேளை, நான் அடியில் இல்லை. சிமெண்டுத் தரை வேண்டும். அறுவடை இல்லாத நாளில் நெல் களம் கிடைத்தால் ரொம்ப வசதி. தரையில் உமியைப் பரப்பிவிட்டால் சிந்துகிற எண்ணெயைக் குடித்துவிடும், களத்துக்காரரும் சண்டைக்கு வரமாட்டார்.

ஹேண்ட் பிரேக் போட்டு, பின் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, முன்பக்கத்தைத் தூக்கி இரண்டு ஸ்டாண்டில் உட்கார வையுங்கள். வெறும் ஜாக்கியை நம்பி அடியில் போகவே கூடாது. செங்கல்லும் வேண்டாம், நொறுங்கிவிடும். பேட்டரியின் நெகட்டிவ் வயரையும் கழற்றிவிடுங்கள்.

கழற்றுவது

எண்ணெய் வெதுவெதுப்பாக இருக்கும்போது வடித்துவிடுங்கள். சைலன்சர் பைப்போ அடித்தகடோ குறுக்கே வந்தால் கழற்றுங்கள். சேம்பர் போல்ட்டுகள் பெரும்பாலும் 10 எம்எம் பாக்ஸ் ஸ்பேனருக்கு அடங்கும். எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தி, மூலைக்கு ஒன்றை மட்டும் நாலு சுற்று மரையில் விட்டுவையுங்கள். இல்லாவிட்டால் மிச்ச எண்ணெயோடு சேம்பர் முகத்தில்தான் விழும். ஒட்டிக்கொண்டு வராவிட்டால் பக்கவாட்டில் மரச் சுத்தியால் தட்டுங்கள். ஸ்குரூடிரைவரை இடுக்கில் விட்டு நெம்பாதீர்கள். இன்ஜின் பக்க அலுமினியத்தில் ஒரு கீறல் விழுந்தாலும் அந்த வழியாகவே எண்ணெய் வரும்.

துடைப்பது

எனக்கு இதற்குத்தான் பாதி நாள் போயிற்று. பழைய பேக்கிங்கை இரண்டு பக்கமும் பிளாஸ்டிக் பட்டையால் சுரண்டி, கடைசியில் பெட்ரோல் நனைத்த பனியன் துணியால் துடையுங்கள். பெட்ரோல் பக்கத்தில் பீடியும் வேண்டாம், குண்டு பல்பும் வேண்டாம். விளிம்பில் விரல் ஓட்டினால் வழுவழு என்று இருக்க வேண்டும். எண்ணெயை உறிஞ்சும் குழாயின் வாயில் உள்ள ஸ்டிரெய்னர் வலையில் குப்பை இருந்தால் எடுத்துவிடுங்கள்.

இப்போது சேம்பரின் போல்ட் ஓட்டைகளைப் பாருங்கள். முன்பு யாரோ ஓவராக இறுக்கியிருந்தால் ஓட்டையைச் சுற்றித் தகடு மேல்நோக்கிப் புடைத்திருக்கும். புதுப் பேக்கிங் போட்டும் ஒழுகுவதற்கு இதுதான் முக்கால்வாசிக் காரணம் என்பேன். தகடு சேம்பர் என்றால் அடியில் கட்டை கொடுத்து, புடைப்பைச் சுத்தியால் மெதுவாகத் தட்டிச் சமமாக்குங்கள். அலுமினியச் சேம்பரை அப்படித் தட்டாதீர்கள், விரிசல் விடும்.

மாட்டுவது

சில கார்களுக்குக் கார்க் அல்லது ரப்பர் பேக்கிங் வரும். சிலவற்றுக்குச் சீலன்ட் பசை மட்டும்தான். பேக்கிங் உள்ள வண்டியில் மூலைகளிலும் மூட்டுகளிலும் மட்டும் ஒரு பொட்டு பசை போதும். பசை மட்டும் என்றால் 3 எம்எம் கனத்தில் ஒரே கோடாக, ஓட்டைகளுக்கு உட்புறமாக இழுங்கள். அள்ளி அப்பினால் உள்ளே பிதுங்கி உதிர்ந்து ஸ்டிரெய்னரை அடைக்கும். எண்ணெய் ஏறாமல் இன்ஜினே போய்விடும்.

எல்லாப் போல்ட்டையும் விரலால் ஏற்றிவிட்டு, நடுவிலிருந்து ஓரத்துக்கு மாறி மாறி இறுக்குங்கள். இவை பொடிப் போல்ட்டுகள், பெரும்பாலான கார்களில் 10 நியூட்டன் மீட்டர் அளவுதான். இறுக்கும் அளவைக் காட்டுகிற டார்க் ரெஞ்ச் இருந்தால் மேனுவலில் உள்ள அளவை வையுங்கள். இல்லையென்றால் சின்ன ராட்செட்டைத் தலையருகே பிடித்து, மணிக்கட்டு பலத்தோடு நிறுத்துங்கள். ‘இன்னும் ஒரு கால் சுற்று’ என்று போய்தான் நான் ஒன்றை முறித்தேன். அந்தத் துண்டை எடுக்க லேத்காரருக்குக் கொடுத்த காசில் நாலு பேக்கிங் வாங்கியிருக்கலாம்.

டிரெயின் போல்ட்டுக்குப் புது வாஷர் போடுங்கள். பசை காய ஒரு ராத்திரி விட்டு, மறுநாள் வண்டியை ஸ்டாண்டிலிருந்து இறக்கி, மேனுவலில் சொன்ன அளவு எண்ணெய் ஊற்றி, பேட்டரி வயரை மாட்டி ஸ்டார்ட் செய்யுங்கள். சில நொடிகளில் ஆயில் விளக்கு அணைய வேண்டும், அணையாவிட்டால் உடனே நிறுத்திவிடுங்கள். பத்து நிமிடம் ஓடட்டும். நிறுத்திக் கொஞ்ச நேரம் கழித்து எண்ணெய் அளவு காட்டும் டிப்ஸ்டிக் குச்சியைப் பார்த்துக் குறைவை நிரப்புங்கள்.

வடித்த எண்ணெய் வாய்க்காலுக்குப் போகக் கூடாது, அடுத்த முறைத்தண்ணீரோடு யார் வயலிலாவது ஏறி நிற்கும். கேனில் அடைத்து ஒர்க்‌ஷாப்பில் கொடுத்துவிடுங்கள்.

ராத்திரி அடியில் பழைய பேப்பர் விரித்து வையுங்கள். கார்க் பேக்கிங் என்றால் சில நாள் ஓட்டிய பிறகு, ஆறிய இன்ஜினில் போல்ட்டுகளை ஒருமுறை தொட்டுப் பாருங்கள், லேசாகத் தளர்ந்திருக்கும். பசை மட்டும் போட்ட சேம்பரைத் திரும்பத் தொட வேண்டாம்.