பார்வை மங்கிய பாட்டியை ஓட்டுப் போடக் கூட்டிப் போகிறவர்களுக்கு

போன தேர்தலில் எங்கள் பூத் வாசலில் நடந்தது இது. பாட்டிக்கு 83 வயது, இரண்டு கண்ணிலும் பார்வை மங்கல். கையைப் பிடித்துக் கூட்டிப் போகிறேன், கட்சிக்காரர் ஒருவர் குறுக்கே வந்து "நீ வெளிய நில்லு தம்பி, ஆயாவ நான் பாத்துக்கறேன்" என்கிறார். தெருவில் எல்லாருக்கும் வேண்டிய மனிதர்தான். ஆனால் காலையிலிருந்து அவர் அப்படி எத்தனை ஆயாக்களைப் பார்த்துக்கொண்டாரோ! விதி தெரிந்திருந்ததால் நான் நகரவில்லை. தெரியாதவர்கள் நகர்ந்துவிடுகிறார்கள், அங்கேதான் ஒரு ஓட்டு கை மாறுகிறது.

அந்த விதி, 1961ஆம் ஆண்டின் தேர்தல் நடத்தை விதிகளில் 49-என். பார்வை இல்லாததாலோ உடல் நலிவாலோ சின்னத்தை அடையாளம் காண முடியாத, அல்லது பட்டனைத் தானாக அழுத்த முடியாத வாக்காளர், 18 வயது நிரம்பிய ஒருவரைத் துணைக்கு அழைத்துப் போகலாம். துணையாகப் போகிறவர் அந்த ஒரு நாளில் ஒரே ஒருவருக்குத்தான் துணை, வேறு எந்தப் பூத்திலும் இன்னொருவருக்குப் போக முடியாது. "இன்று வேறு யாருக்கும் துணையாகப் போகவில்லை, இந்த ஓட்டின் ரகசியத்தைக் காப்பேன்" என்று உறுதிமொழிப் படிவத்தில் எழுதிக் கொடுத்த பிறகுதான் உள்ளே விடுவார்கள். அலுவலர் படிவம் 14-ஏ-வில் அதைக் குறித்துவைப்பார். நான் அந்தக் கட்சிக்காரரிடம் கேட்டதும் இவ்வளவுதான்: "அண்ணே, நீங்க உறுதிமொழி எழுதிக் குடுக்கறீங்களா?" ஆள் அந்தப் பக்கம் போய்விட்டார்.

இதில் நம் ஆட்கள் செய்கிற தப்பும் ஒன்று உண்டு. எழுதப் படிக்கத் தெரியாது என்பது மட்டுமே துணைக்குக் காரணம் ஆகாது. சின்னம் தெரிகிறது, கை வேலை செய்கிறது என்றால் அவரே போட வேண்டியதுதான். நடக்க மட்டும் சிரமப்படுகிறவர் என்றால் மெஷின் இருக்கிற மறைப்பு வரைக்கும் தாங்கிக்கொண்டு போகலாம், மறைப்புக்கு உள்ளே போகக் கூடாது. முழுதாகப் பார்வை இல்லாதவர்கள் தாங்களே போட விரும்பினால் அதற்கும் வழி இருக்கிறது. மெஷினில் பட்டன்களுக்குப் பக்கத்தில் பிரெய்ல் எண்கள் இருக்கும், வேட்பாளர் வரிசை உள்ள பிரெய்ல் தாளைத் தலைமை அலுவலரிடம் கேட்டு வாங்கித் தடவிப் பார்த்துவிட்டுப் போகலாம். கேட்காமல் யாரும் எடுத்துக் கொடுப்பதில்லை என்பது என் அனுபவம்.

சரி, முன்கூட்டியே செய்ய வேண்டியவை. பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள், 1950-க்குப் போன் பண்ணியும் கேட்கலாம். ஓட்டுப் போடும் நாளன்று போய் "பேர விட்டுட்டாங்க" என்று சண்டை போட்டுப் பிரயோஜனமே இல்லை, அன்றைக்கு யாராலும் சேர்க்க முடியாது. 85 வயது தாண்டியவர்களும் 40 சதவீதத்துக்குக் குறையாத ஊனம் உள்ளவர்களும் படிவம் 12-டி கொடுத்தால் வீட்டுக்கே வந்து தபால் ஓட்டு வாங்கிக்கொள்வார்கள். ஆனால் அந்தக் கோரிக்கையை ஏற்றுக்கொண்டுவிட்டால் பட்டியலில் தபால் ஓட்டு என்று குறித்துவிடுவார்கள், அப்புறம் பூத்தில் போட முடியாது. பூத் சிலிப் மட்டும் கையில் இருந்தால் போதாது, 2019 முதல் அது அடையாள ஆவணம் இல்லை. வாக்காளர் அட்டை தொலைந்துவிட்டதா, ஆதார், பான் கார்டு, நூறு நாள் வேலை அட்டை, படம் ஒட்டிய போஸ்ட் ஆபீஸ் பாஸ்புக், இதில் ஏதாவது ஒன்று போதும். அட்டையில் பெயரில் ஒரு எழுத்து முன்னே பின்னே இருந்தால் அதைக் காட்டித் திருப்பி அனுப்பக் கூடாது.

வண்டி விஷயம். உங்கள் வண்டியில் உங்கள் வீட்டு ஆட்களைக் கூட்டிப் போங்கள், யாரும் கேட்க மாட்டார்கள். வேட்பாளர் தரப்பில் பிடித்த ஆட்டோவில் ஓசியில் ஏறுவதுதான் வில்லங்கம், சட்டத்தில் அது ஊழல் நடவடிக்கை. பூத்திலிருந்து 100 மீட்டருக்குள் யாரும் ஓட்டுக் கேட்கக் கூடாது, சின்னம் போட்ட துண்டோடு நீங்கள் போகவும் வேண்டாம்.

வயதானவர்கள் வரிசையில் நிற்கத் தேவையில்லை, நேராக முன்னால் கூட்டிப் போய்ச் சொல்லுங்கள். மாலையில் நேரம் முடிகிற சமயத்தில் வரிசையில் நிற்கிறவர்கள் எல்லாருக்கும் ஓட்டு உண்டு. வரிசையின் கடைசி ஆளிலிருந்து தொடங்கி முன்னோக்கி டோக்கன் கொடுத்துக்கொண்டு வருவார்கள், "டைம் முடிஞ்சுது" என்று யாராவது சொன்னாலும் வரிசையை விட்டு அசையாதீர்கள்.

எரிச்சலான விஷயத்துக்கு வருகிறேன். "உங்க ஓட்ட ஏற்கனவே போட்டாச்சே" என்கிறார்கள். அழுதுகொண்டு வீட்டுக்கு வராதீர்கள், அதே விதிகளில் உள்ள 49-பி (P) என்று சொல்லுங்கள். நீங்கள்தான் அந்த ஆள் என்று தலைமை அலுவலருக்குத் திருப்தியானால், படிவம் 17-பி (B)-யில் கையெழுத்து வாங்கிக்கொண்டு தாளில் அச்சடித்த வாக்குச்சீட்டு தருவார். ஆய்வுக்குரிய வாக்கு என்று அதற்குப் பெயர். மெஷினில் போட விட மாட்டார்கள், எண்ணிக்கை நாளில் அதை எண்ணவும் மாட்டார்கள். இதைச் சொல்லாமல் 49-பி-யை மந்திரம் மாதிரி வாட்ஸ்அப்பில் அனுப்புகிறவர்கள் மேல் எனக்குக் கோபம் உண்டு. வழக்கு என்று உயர் நீதிமன்றம் போனால்தான் அந்தச் சீட்டுக்கு வேலை. அதற்காக விட்டுவிட வேண்டாம், 2016-இல் இராதாபுரத்தில் வெற்றி வித்தியாசமே 49 ஓட்டுதான், அது நீதிமன்றம் வரைக்கும் போனது.

கடைசியாக, மறைப்புக்குள். பட்டனில் கை வைக்கும் முன் எந்தச் சின்னம் என்று பாட்டி காதோடு சொல்லட்டும், நீங்கள் சொல்லித் தராதீர்கள். முடிந்தால் அவர் விரலையே பிடித்து அழுத்த வையுங்கள். பக்கத்துப் பெட்டியின் (விவிபேட்) கண்ணாடிக்குள், போட்ட சின்னத்தைக் காட்டும் சீட்டு 7 விநாடி தெரியும், அதைப் பார்த்து மெதுவாக அவர் காதில் சொல்லுங்கள். எங்கள் பாட்டி அதை நம்பவில்லை, நீளமாக பீப் சத்தம் கேட்ட பிறகுதான் என் கையை விட்டார். யாருக்குப் போட்டார் என்று வீட்டில் இன்றுவரை கேட்கிறார்கள். உறுதிமொழி எழுதிக் கொடுத்திருக்கிறேன், நான் சொல்வதாக இல்லை.