திரைச்சீலையைச் சுவரிலிருந்து தள்ளித் தொங்கவிடுங்கள்

அறையில் எதிரொலித்து, பதிவு செய்யும் குரல் தெளிவில்லாமல் போகிறதா? கனமான, காற்று புகும் திரைச்சீலை உதவும். ஆனால் சுவரோடு ஒட்டித் தொங்கவிடாதீர்கள். சுமார் 10 செ.மீ. இடைவெளி விடுங்கள்.

ஒலி போகும்போது காற்றுத் துகள்கள் முன்னும் பின்னும் அசைகின்றன. அந்த அசைவு துணியின் இழைகளில் உராய்ந்து வெப்பமாக மாறினால்தான் ஒலி அடங்கும். சுவரை ஒட்டிய இடத்தில் துகள்களால் அசையவே முடியாது. அழுத்தம் மட்டும்தான் ஏறி இறங்கும். அசைவு உச்சமாக இருப்பது சுவரிலிருந்து அலைநீளத்தில் (ஒரு முழு ஒலி அலையின் நீளம்) நான்கில் ஒரு பங்கு தொலைவில். ஒலியின் வேகம் 20 டிகிரி செல்சியஸில் நொடிக்கு 343 மீட்டர். நொடிக்கு 860 முறை அதிரும் ஒலியின் (860 ஹெர்ட்ஸ்) அலைநீளம் சுமார் 40 செ.மீ. எனவே 10 செ.மீ. ஏறத்தாழ அந்த ஒலிக்குப் பொருந்தும். பேச்சுக்கு இது நல்ல இடம். அப்புறம், துணியை மடிப்பு மடிப்பாக விடுங்கள். வெளியிலிருந்து வரும் சத்தத்தைத் திரைச்சீலை தடுக்காது. அதற்கு முதலில் கதவிடுக்கை அடைக்க வேண்டும்.