பிரசவத்துக்குப் பின் காய்ச்சலா? ‘பால் கட்டியிருக்கும்’ என்று விட்டுவிடாதீர்கள்

குழந்தை பிறந்த ஒன்பதாம் நாள் என் சித்தி மகளுக்குக் குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல். “பால் கட்டியிருக்கும், ரெண்டு நாள்ல சரியாயிடும்” என்று வீட்டுப் பெரியவர்கள் தீர்ப்பு சொல்லிவிட்டார்கள்; மெடிக்கலில் வாங்கிய பாராசிட்டமாலும் கம்பளியும்தான் வைத்தியம். அடிவயிறு வலிக்கிறது, தீட்டு நாறுகிறது என்று அவள் கூச்சத்தோடு சித்தியிடம் சொன்ன பிறகுதான், அதுவும் மூன்றாம் நாள், ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். கர்ப்பப்பையில் கிருமித் தொற்று. நல்லவேளை, பிழைத்தாள்.

பால் கட்டினால் முதல் சில நாட்களில் உடம்பு லேசாகச் சுடும், பெரும்பாலும் ஒரு நாளில் அடங்கிவிடும். 100.4 டிகிரியைத் தொட்டாலோ, நடுக்கம், நாற்றம், அடிவயிற்று வலி, படபடப்பு என்று ஏதாவது சேர்ந்தாலோ அதைப் பால் கணக்கில் எழுதாதீர்கள். பாராசிட்டமால் சூட்டைத்தான் இறக்கும். கிருமி அது பாட்டுக்கு ரத்தத்தில் கலந்துகொண்டிருக்கும்.

“ஆஸ்பத்திரியிலதானே பெத்தா, அப்புறம் என்ன பயம்?” இது அடுத்த தவறு. சுகப்பிரசவம் என்றால் இரண்டு மூன்று நாளில் வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள், தொற்று பெரும்பாலும் அதற்கப்புறம்தான் தலைகாட்டும். ஆறு வாரம் வரை கண் வைத்திருக்க வேண்டும். 2023இல் உலகில் சுமார் 2,60,000 பெண்கள் பல காரணங்களால் கர்ப்பத்திலோ பிரசவத்தையொட்டியோ இறந்தார்கள், பத்தில் ஒன்பது பேருக்கு மேல் ஏழை, நடுத்தர வருமான நாடுகளில்.

தையல் மேல் மஞ்சள், எண்ணெய் எதுவும் வேண்டாம். வயிறு பெருத்துவிடும் என்று தண்ணீரைக் குறைப்பது, அதுவும் காய்ச்சலில், ரொம்பத் தப்பு. தீட்டுக்குத் துணி உபயோகித்தால் மூலையில் ஒளித்துக் காயவைக்காமல் வெயிலில் போடுங்கள். யார் பார்த்தால் என்ன? தாயைத் தொடுகிறவர்கள் சோப்பு போட்டுக் கை கழுவட்டும். 1847இல் வியன்னாவில் செம்மல்வைஸ் என்ற மருத்துவர் மற்ற டாக்டர்களையே குளோரின் கரைசலில் கை கழுவவைத்த பிறகுதான் அவர் வார்டில் பிரசவச் சாவுகள் மளமளவென்று குறைந்தன.

இன்னொன்று, மிச்சம் கிடக்கும் ஆன்டிபயாடிக்கை எடுத்துப் போடுவது. இந்தியா உட்பட ஏழு நாடுகளில் நடந்த ஆய்வில், பிரசவ வலியின்போது ஒரே வேளையாக 2 கிராம் அசித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக் கொடுத்ததில் தாய்க்குத் தீவிரத் தொற்றோ மரணமோ நேர்வது 2.4 சதவீதத்திலிருந்து 1.6 ஆகக் குறைந்தது. அது மருத்துவர் கண்காணிப்பில் வலியின்போது கொடுத்தது. பத்தாம் நாள் நாமாகப் போட்டுக்கொள்வது வேறு கதை.

108இல் ஏறியதும், காய்ச்சல் வார்டில் நுழைந்ததும் முதலில் சொல்ல வேண்டியது: “குழந்தை பிறந்து பத்து நாள்தான் ஆச்சு.”